உள்ளேன் ஐயா

ஒரு முகாம் நல்ல முகாமா, கெட்ட முகாமா என்று அளந்து பார்ப்பதற்கு உலகத்தில் ஒரு கையேடு இருக்கிறது. ஸ்பியர் கையேடு என்பார்கள். போரோ வெள்ளமோ பூகம்பமோ, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவனுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன தர வேண்டும் என்று தொண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி 1990களின் கடைசியில் எழுதத் தொடங்கியது. ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம், தலைக்கு மேலே கூரையோடு. நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. இதெல்லாம் சௌகரியமாக வாழ்வதற்கான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று ராத்திரி குண்டு விழுந்து, இன்று காலை எல்லை தாண்டி வந்தவன் செத்துப்போகாமல் இருப்பதற்கான அளவு.

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்களுக்குக் கட்டிக் கொடுத்த பழைய முகாம் வீடு பத்தடிக்குப் பத்தடி. சதுர மீட்டரில் ஒன்பதே கால். கையேட்டுக் கணக்குப்படி அதில் இரண்டரை ஆள் இருக்கலாம். அரை ஆளை எங்கே போய்த் தேடுவது என்று நம் அதிகாரிகள் திண்டாடவில்லை. அப்பா, அம்மா, கல்யாணமான மகன், மருமகள், பன்னிரண்டாவது படிக்கிற மகள், கண் தெரியாத பாட்டி என்று ஆறு பேரை உள்ளே வைத்துக் கணக்கை முழு எண்ணாக்கிவிட்டார்கள். புது ஜோடிக்குச் சேலைதான் சுவர். சேலைக்கு இந்தப் பக்கம் வேதியியல் படிக்கிற தங்கச்சி. அடுப்பும் அங்கேதான். தார் ஷீட் கூரை சித்திரையில் உருகி ஒழுகும், ஐப்பசியில் ஓட்டை வழியாக ஒழுகும். வருஷத்தில் ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அவசர காலத்துக்கென்று கையேடு போட்ட அளவு அது. அந்த அளவுகூடக் கிடைக்காமல் சிலர் முப்பது வருஷம் இருந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடியிலும் வந்து இறங்கத் தொடங்கியவர்கள், அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு தேசம் போனார்கள், மிச்சமிருப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மண்டபம் முகாமின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் வெள்ளைக்காரன் அவர்களை அடைத்துவைத்து நோய் நொடி பார்த்த இடம் அது. தாத்தாவைப் போகும்போது அங்கே நிறுத்தினார்கள். அடி வாங்கிப் பேரன் திரும்பி வந்தபோதும் அங்கேயே நிறுத்தினோம். வெள்ளைக்காரனாவது சில நாளில் அனுப்பிவைத்தான்.

2021 ஆகஸ்ட் 27ஆம் தேதி சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு நலத்திட்டம் அறிவித்தார். இடிந்துபோன 7,469 வீடுகளை 231 கோடியே 54 லட்சத்தில் திரும்பக் கட்டுவது அதில் பெரிய பங்கு. நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல். 2023 செப்டம்பரில் அதே இடத்தில் திறப்பு விழா. காங்கிரீட் வீடு, தனிக் கழிவறை. நக்கல் எழுதுகிறவன் என்பதற்காக இதிலும் நொட்டை சொல்ல மாட்டேன். முன்பு இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். சேலைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது, அது பெரிய விஷயம்.

அறிவிப்புக்கு மறுநாளே இன்னொன்றும் நடந்தது. அகதிகள் முகாம் என்ற பலகையை இறக்கிவிட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாட்டினார்கள். அவர்கள் அநாதைகள் அல்ல, நாம் இருக்கிறோம் என்றார் முதல்வர். நல்ல வார்த்தை. பலகை எழுதினவர்களுக்கும் அந்த வாரம் நல்ல வேலை. கேட்டுக்கு உள்ளே இருந்த கியூ பிரிவு உளவுப் போலீசுக்கும், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. கையிலிருந்த பதிவேட்டுக்கும் மட்டும் யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். முகாமில் தணிக்கை நாள் என்று ஒன்று உண்டு. செக்கிங் என்பார்கள். வருவாய்த் துறை ஆள் வந்து மர நிழலில் மேசை போட்டு உட்காருவார். முகாம் தலைவர் பக்கத்தில் நிற்பார். குடும்ப அட்டையோடு வரிசை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் கூப்பிடுவதுபோலப் பெயர் கூப்பிடுவார்கள். எழுபது வயசுக் கிழவி, முல்லைத்தீவில் ஆறு ஏக்கர் வயல் வைத்திருந்தவள், முன்னால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுக் கைநாட்டு வைக்க வேண்டும். அவ்வளவு வயசான பிறகு ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வைக்கிற பள்ளிக்கூடம் இந்தப் பூமியில் வேறு எங்கே இருக்கிறது?

“மகன் எங்கம்மா?”

“பெயிண்டிங் வேலைக்குக் கோயம்புத்தூர் போயிட்டான் சார். நாளைக்கு வந்துருவான்.”

“நாளைக்கு வந்தா நாளைக்கு வா. ரெண்டு செக்கிங்ல ஆளில்லன்னா பதிவை வெட்டிருவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

பதிவு வெட்டுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவை நமக்கு வந்ததில்லை. பணக்கொடை நிற்கும். அரிசி நிற்கும். அதைவிட முக்கியமாக, அந்த ஆள் இந்த நாட்டில் எங்குமே இல்லாத ஆளாகிவிடுவான். இலங்கைக்கு அவன் ஓடிப்போனவன், இந்தியாவுக்குச் சட்டவிரோதக் குடியேறி, முகாமுக்கு வெட்டுப்பட்டவன். மூன்று அரசாங்கமும் சேர்ந்து ஒரு மனிதனை ஒன்றுமில்லாமல் ஆக்க ஒரு பால்பாயிண்ட் பேனாவின் சிவப்புக் கோடு போதும்.

இதற்கெல்லாம் ஈடாக அரசு தருகிற பணக்கொடையையும் சொல்லிவிடுகிறேன். 2021 அறிவிப்பில் அதை உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. தலைவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் ஆகிறது. இந்த 50 ரூபாயைத் தக்கவைக்க அவர் தணிக்கை நாளில் வெளியூர் வேலையை விட்டு வர வேண்டும், ஒரு நாள் கூலியோடு பஸ் செலவும் போகும். நம்மூர்க் கல்யாண மண்டபங்கள், ஐ.டி. கட்டடங்கள், மேம்பாலத் தூண்கள், தலைவர்கள் சிரிக்கிற அரசுச் சுவர்கள், இவற்றுக்கெல்லாம் நிறம் கொடுத்ததில் முகாம் ஆட்களின் கை நிறைய இருக்கிறது. கயிற்றில் தொங்கி மூன்றாவது மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறவனைப் பார்த்து, அரசு சோற்றில் சும்மா உட்கார்ந்து தின்கிறவன் என்று கீழே டீ குடித்தபடி ஒருவர் சொல்வார். அவர்தான் வாட்ஸ்அப்பில் ஈழத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவராகவும் இருப்பார்.

2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில் தணிக்கை நடந்தது. ஒருவரின் மகன் உடம்பு சரியில்லாமல் இருந்தான், வரிசையில் இல்லை. வருகை போட மறுத்தார்கள். அப்பா கெஞ்சினார், வாக்குவாதமானது. கடைசியில் அந்த மனிதர் எல்லோர் கண் முன்னாலும் மின்கம்பத்தில் ஏறி உயிரை விட்டார். கடலில் ஷெல்லுக்கும் நேவிக்கும் தப்பி வந்த ஒருவரை ஒரு வருகைப் பதிவேடு கொன்றது. செய்தி வந்தது, கண்டன அறிக்கைகள் வந்தன. தணிக்கை மட்டும் நிற்கவில்லை.

இப்போது சமூக வாழ்வை மேம்படுத்துவோம் என்று சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். வேன் வருகிறது. பேனர் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு சமோசா, ஃப்ரூட்டி. ‘தலைமைப் பண்பு வளர்த்தல்’ என்று ஒரு வகுப்பு. எடுப்பவர் சென்னையிலிருந்து வந்தவர். “உங்க வாழ்க்கையோட டிரைவர் சீட்ல நீங்கதான் உக்காந்திருக்கணும்” என்கிறார். ராத்திரி வெளியூரில் தங்க அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியவர்கள் மரியாதைக்குக் கைதட்டுகிறார்கள். அடுத்தது கனவுப் பலகை. உங்கள் கனவை வரையுங்கள் என்று சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் தருகிறார்கள். ஒரு பையன் நீல நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் வரைகிறான். அதில் மூன்று சிங்கத்தை அச்சுப் பிசகாமல் போடுகிறான். பயிற்சியாளர் அதைத் தூக்கிக் காட்டி, “சூப்பர்! ஃபாரின் போகணும்னு ஆசை, பாருங்க!” என்கிறார். இந்த ஊர்க்காரன் என்று ஒரு தாளில் எழுதித் தரக் கேட்கிறான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவருடைய அறிக்கையில் ‘பயனாளிகள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று வரும்.

சமூக வாழ்வு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதா என்ன? 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தினோம். தொண்டு நிறுவனங்களை உள்ளே விடாமல் நிறுத்தினோம். எங்கோ யாரோ செய்த கொலைக்குப் ப்ளஸ் டூ முடித்த பையன் தண்டனை அனுபவித்தான். சில வருஷம் கழித்துத்தான் கதவு திறந்தது. அந்தக் காலத்திலும் படித்த அக்காமார்கள் முகாமுக்குள்ளேயே சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சாவு வீட்டுக்குச் சோறு ஆக்கினார்கள், கோயில் கட்டினார்கள், மாதா கெபி கட்டினார்கள், சீட்டுப் பிடித்துக் கல்யாணம் நடத்தினார்கள். அவர்களிடம் இல்லாதது சமூகமும் இல்லை, வாழ்வும் இல்லை. காகிதம்தான்.

இந்த முகாம்களுக்கு நடுவே சிறப்பு முகாம் என்று ஒன்று உண்டு. திருச்சியில், மத்தியச் சிறை வளாகத்தில். என்ன சிறப்பு என்று கேட்கிறீர்களா? வழக்கில் ஜாமீன் கிடைத்தவரையும், தண்டனை முடிந்தவரையும் வெளிநாட்டவர் சட்டத்தில் திரும்பப் பிடித்துவைக்கலாம், ஆனால் அது சிறை அல்ல. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த சாந்தன் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். அம்மாவைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி வந்து சேர்ந்த நேரத்தில், 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார். ஊருக்குப் போனது உடல்.

சரி, காகிதம் ஏன் கிடைக்கவில்லை? இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, ஆகவே இங்கே அகதி என்று சட்டப்படி யாருமே இல்லை. வெளிநாட்டுக்காரர் உண்டு, சட்டவிரோதமாக வந்தவர் உண்டு. சட்டவிரோதமாக வந்தவர் குடியுரிமைக்கு மனுப்போட முடியாது. ஷெல் விழுகிற நேரத்தில் கொழும்பு தூதரகத்தில் டோக்கன் வாங்கி, போட்டோ ஒட்டி, விசா முத்திரையோடு வள்ளம் ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது சட்டம். பிள்ளைகள் இங்கேதானே பிறந்தார்கள் என்றால், 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். ஜூலை 2ஆம் தேதி பிறந்தவனுக்கு, பெற்றவர்களில் ஒருவர் இந்தியராக இருந்தால்தான் உண்டு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவனுக்கோ, அப்பா இந்தியராக இருந்தாலும் அம்மா ‘சட்டவிரோதம்’ என்றால் கிடையாது. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு நல்ல நேரம் குறித்துப் பிறக்கச் சொல்லாதது தாய்மார்களின் தவறு.

2019இல் அண்டை நாடுகளில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு டெல்லியின் மனம் இளகியது. குடியுரிமைத் திருத்த மசோதாவில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயரை எழுதினார்கள். ஆப்கானிஸ்தான்வரை எட்டிய பார்வைக்கு, தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தீவு தெரியவில்லை. அங்கேயும் இந்துக்கள் இருக்கிறார்கள், கோயில் இடிந்திருக்கிறது, சிலுவை உடைந்திருக்கிறது. ஆனால் துன்புறுத்தியவன் சரியான மதத்துக்காரன் இல்லை. துன்பத்துக்குச் சான்றிதழ் தருவதற்குத் துன்பப்பட்டவனைப் பார்த்தால் போதாதாம், அடித்தவன் யாரென்றும் பார்க்க வேண்டுமாம்.

மாநிலங்களவையில் அந்த மசோதா 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 ஓட்டும் ஆதரவாக விழுந்தன. அந்தப் பதினொன்றும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114க்கு 116. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்சி ஓட்டுப் போட்ட கையோடு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஈழத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்டு டெல்லிக்குப் போனார். ஒன்றுக்கே வழியில்லாதவனுக்கு இரண்டு. தி.மு.க. அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டது, உண்மை. 2009 செப்டம்பரில் காஞ்சிபுரம் அண்ணா நூற்றாண்டு மாநாட்டில் இவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை தர வேண்டும் என்று மத்திய அரசை வலியுறுத்தித் தீர்மானமும் போட்டது. அப்போது மத்திய அமைச்சரவையில் தி.மு.க. அமைச்சர்கள் இருந்தார்கள். தம் மேசைக்குத் தாமே மனு எழுதி, தாமே தபாலில் போட்டு, பதில் வரவில்லை என்று தாமே வருத்தப்பட்ட கட்சி வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. தொப்புள்கொடி, தொப்புள்கொடி என்று தொண்டை கட்டுகிற மற்ற மேடைச் சிங்கங்களை விட்டுவிடுவோம். மைக் வாடகைக்காவது உதவுகிறார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், நாடு கடத்தலுக்கு எதிராக வந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைக் கேட்ட அமர்வு, எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்றது. கனம் நீதிபதிகள் சொன்னது முழுக்கச் சரி. சத்திரத்தில் தங்குகிறவனைத் தினம் எண்ண மாட்டார்கள், ராத்திரி எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள், காலையில் புறப்பட்டுப் போகவும் விடுவார்கள்.

போகட்டுமே, போர்தான் முடிந்துவிட்டதே என்பார்கள். அதே 2025 மே மாதம் ஒரு முதியவர் அப்படித்தான் போனார். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில், முறையான காகிதங்களோடு பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கினார். இறங்கியதும் கைது செய்தார்கள். குற்றம்: அந்தக் காலத்தில் நாட்டை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறியது. உள்ளே வந்ததற்கு இந்தியா ‘சட்டவிரோதம்’ என்கிறது, வெளியே போனதற்கு இலங்கை ‘சட்டவிரோதம்’ என்கிறது. வள்ளத்திலேயே, நடுக்கடலிலேயே இருந்திருந்தால் இரண்டு நாட்டுச் சட்டமும் சந்தோஷப்பட்டிருக்கும். பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கில் 1990இல் விரட்டப்பட்டவர்களின் நிலத்தில் ஒரு பகுதியை இன்னமும் ராணுவம் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போ என்று சொல்வது சுலபம். ஊர் யார் கையில் இருக்கிறது?

சட்டம் கல்லில் செதுக்கியது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை என்று தண்டிக்க மாட்டோம் என்றது. நாற்பது வருஷத்துச் சிக்கலில் ஒரு முடிச்சு ஒரு கெஜெட் பக்கத்தில் அவிழ்ந்தது. அடுத்த முடிச்சுக்கு இன்னொரு பக்கம் போதும். காகிதத் தட்டுப்பாடா?

இன்னொரு தகவல். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் அந்தப் பெண் ஓட்டுப் போட்டார், வயது 38. பத்திரிகைகளில் மை வைத்த விரலோடு படம் வந்தது. சாதனை, வரலாறு என்றெல்லாம் எழுதினோம். பிறந்த அன்றே அவருடையதாக இருந்த ஒன்றை, முப்பத்தெட்டு வருஷம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்ததற்கு நாமே நமக்கு மாலை போட்டுக்கொண்டோம்.

அவரைப் போல 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு மதுரைக்கு அலைய வேண்டுமா? யார் எந்தத் தேதியில் எந்த முகாமில் பிறந்தார் என்பது அரசுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக எண்ணி எண்ணி எழுதிய பதிவேடுகள் வேறு எதற்கு? கிழவிகளை வெயிலில் நிறுத்திச் சேகரித்த பிறந்த தேதிகள் அத்தனையும் அலமாரியில் இருக்கின்றன. அதே ஆர்.ஐ. அதே மேசையில் உட்கார்ந்து, அந்தப் பெயர்களைப் பிரித்தெடுத்து, பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் வாக்காளர் படிவத்தையும் வீடு தேடிப் போய்க் கொடுக்கட்டும். மற்றவர்களுக்காகக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாவது கொண்டுவர நாற்பது எம்.பி.க்களில் ஒருவருக்கும் கை இல்லையா? புதுச்சேரிக்காரர் ஒருவரைக் கழித்தாலும் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஈழத்தைப் பற்றிக் கண்கலங்கினால், இதை நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர்களுக்கு ஓட்டு இல்லை.